புத்தூருக்குச் சைக்கிளோடு வந்த தம்பிக்கு

தம்பி, கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி ஆந்திரப் புத்தூருக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டீர்கள். மெல்லிய டயர் சைக்கிளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், இந்த மலைப்பக்கத்தில் எந்தச் சாலைகளில் ஓட்டலாம், வழியில் பார்க்க என்ன இருக்கிறது, தெலுங்கு தெரியாமல் சமாளிக்க முடியுமா என்று. நான் விழுப்புரத்துக்காரன். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பாய்லர் வேலைக்கென்று வந்து 22 வருடம் ஓடிவிட்டது. மருத்துவர் சர்க்கரை என்று சொன்ன நாளிலிருந்து சைக்கிளும் ஓடுகிறது.

முதலில் ஒன்று. மலை என்றதும் ஊட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை பாறை மலைகள். சாலைகள் அவற்றின் மேல் ஏறுவதில்லை, இடுக்கு பார்த்துப் புகுந்து போகின்றன. உங்கள் ஊரில் ஆற்றுப்பாலம்தான் மேடு. இங்கே சமதரை போலத் தெரிவது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும், கால்தான் முதலில் கண்டுபிடிக்கும். அதுகூடப் பழகிவிடும். பழகாத ஏற்றம் வெயில். ஒன்பது மணி தாண்டினால் இருபுறமும் பாறை சூடேறி, வருகிற காற்றே அடுப்பிலிருந்து வருவதுபோல இருக்கும். அதனால் நான் எங்கே போவது என்று திட்டம் போடுவதில்லை, ஒன்பது மணிக்கு எந்த நிழலில் இருப்பேன் என்றுதான் போடுகிறேன்.

அந்தக் கணக்குக்கு மிகவும் பொருந்துவது கிழக்கே போகும் சாலை. நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டை. சுருட்டப்பள்ளி வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் நாராயணவனத்தில் கோயில் திறக்கும் சத்தம் கேட்கும். பத்மாவதியை வேங்கடவன் மணந்த ஊர் என்பது ஐதீகம், ஆகாசராஜன் ஊர் என்றே இங்கே சொல்வார்கள். அதற்கு அப்பால் இடதுபக்கம் கைலாசகோனை அருவிக்குப் பிரியும் பாதை வரும். கோனை என்றால் மலையிடுக்கு. இந்தப் பக்கத்துப் பெயர்களில் பாதி அதில்தான் முடியும். முதல் முறை அங்கே திரும்பாதீர்கள். குளித்த உடம்பு மறுபடி மிதிக்க மறுக்கும்.

நாகலாபுரத்தில் நின்றே ஆக வேண்டும். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவி பெயரால் அமைத்த ஊர். வேதநாராயணர் இங்கே மச்ச அவதாரம், இடுப்புக்குக் கீழே மீன். கோயில் மேற்குப் பார்த்தது. மார்ச் மாதத்தில் மூன்று நாள், சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியாக நேரே கருவறைக்குள் நுழைந்து முதல் நாள் பாதத்திலும், மறுநாள் மார்பிலும், மூன்றாம் நாள் நெற்றியிலும் விழும். ஒருமுறை அதைப் பார்த்தேன், பஸ்ஸில் போய். அந்த நேரத்துக்குச் சைக்கிளில் போனால் திரும்புவது இருட்டில், மணல் லாரிகளோடு. அது வேண்டாம்.

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார். ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துக் கிடக்கிறார். 40 கிலோமீட்டர் மிதித்துவிட்டு அவர் முன்னால் நின்றால் என்ன தோன்றும் என்று நீங்களே போய்த் தெரிந்துகொள்ளுங்கள். பிரதோஷத்தன்று மட்டும் போகாதீர்கள். சென்னையிலிருந்து வரும் வேன்கள் சாலை ஓரத்தையெல்லாம் அடைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலைக்கு வேறு முகம். ஆரணி ஆறு இதன் கூடவே வருகிறது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் கீழே தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். முழங்கால் தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இறங்காதீர்கள்.

மேற்கே ஒரு சுற்று இருக்கிறது. புத்தூர், கார்வேட்டிநகரம், பள்ளிப்பட்டு, நகரி, மறுபடி புத்தூர், 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். எனக்குப் பிடித்தது இதுதான். கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் பெரிய ஜமீன். வேணுகோபாலன் மேல் தெலுங்கில் பதங்கள் என்ற இசைப்பாடல்களைப் பாடிய சாரங்கபாணியின் ஊர். அங்கே குளத்துப் படியில் உட்கார்ந்து கட்டிவந்த இட்லியைப் பிரித்தால் சுற்றிலும் மலைதான். பிறகு தெற்கே இறங்கினால், எங்கே என்று தெரியாமலே மாநிலம் மாறிவிடும். கடைப்பலகை எழுத்து மாறியதும்தான் தெரியும், பள்ளிப்பட்டு தமிழ்நாடு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு எல்லையைப் பிரித்துக்கொடுத்த படாஸ்கரின் தீர்ப்பு என்று நீண்டு, அவை சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் இந்தப் பக்கம் வந்தன. வடவேங்கடம் வரை தமிழ் என்ற பழைய கணக்கைப் பிடித்தால் நீங்களும் நானும் வெளியூரே வரவில்லை. அலுவலகத்தில் அதைச் சொல்லிப் பார்க்காதீர்கள்.

நகரியை நெருங்கும்போது மலையின் முகட்டைப் பாருங்கள், நகரி மூக்கு என்பார்கள். கடலில் வந்த கப்பல்காரர்களுக்கே அது அடையாளமாக இருந்ததாம். நகரியின் தெருக்களில் விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவதில் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். நகரியிலிருந்து புத்தூர் வரை நெடுஞ்சாலை. அதில் மட்டும் ரசிக்க ஒன்றுமில்லை, ஓரமாக வந்து சேருங்கள்.

ஜூன், ஜூலையில் ஒரு எச்சரிக்கை. கூழ்த் தொழிற்சாலை வாசல்களில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் இரவு பகலாக வரிசை கட்டும். விழுகிற பழம் சக்கரத்தில் நசுங்கி, தார்மேல் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். எட்டு வருடம் முன்பு, நான் வேலை பார்க்கும் பழத்திலேயே நான் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு. விழுந்தாலும் விழுந்தேன், எலும்புக்குப் பெயர்போன ஊரில் விழுந்தேன். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பலகையில் பார்க்கும் புத்தூர் கட்டு இந்தப் புத்தூருடையதுதான். கட்டுப்போட்ட பெரியவர் கட்டைவிரலால் மணிக்கட்டை ஒருமுறை நீவினார், ஏதோ கேட்டார், நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது இழுத்துவிட்டார். பச்சிலை அரைத்த விழுது, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. காய்ந்ததும் கல் மாதிரி இறுகிவிட்டது. முட்டை வாசனைக்கு எறும்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கட்டிலின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துப் படுத்தேன். கை சரியாகிவிட்டது. ஆனாலும் உங்களுக்குச் சொல்வது, முதலில் எக்ஸ்ரே எடுங்கள், அப்புறம் கட்டைப் பற்றி யோசியுங்கள். தலைக்கு இந்தக் கட்டு கிடையாது, ஹெல்மெட் போடுங்கள்.

குடிமல்லத்துக்கு நெடுஞ்சாலையில் மிதித்துப் போக வேண்டாம். ரேணிகுண்டா வரை யாராவது வண்டியில் இறக்கிவிட்டால் அங்கிருந்து ஏர்ப்பேடு பக்கம் வயல்வெளிச் சாலையில் போகலாம். பரசுராமேசுவரர் கோயில் வெளியிலிருந்து பார்த்தால் சின்ன கிராமத்துக் கோயில். விமானம் யானை முதுகுபோல வளைந்திருக்கும். உள்ளே கருவறை பள்ளத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்தடி லிங்கம், மெருகேறிய கருஞ்சிவப்புக் கல். அதன் முன்புறம் சிவன் ஆளாகவே நிற்கிறார். ஒரு கையில் ஆட்டைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார், மறு கையில் சிறு கலசம், தோளில் கோடரி. காலடியில் குந்தியிருக்கும் குள்ளனின் தோள்மேல் நிற்கிறார். காளை இல்லை, பாம்பு இல்லை. வேட்டைக்குப் போய்விட்டு வாசலில் வந்து நிற்கும் ஆள்போல இருக்கிறார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே செதுக்கியது என்பது ஆய்வாளர்கள் பலர் கருத்து. சுவரில் இருக்கும் கல்வெட்டுகள் தமிழ். பல்லவர், பாண மன்னர்கள் காலத்தவை உண்டு, விக்கிரம சோழன் காலத்தில் கோயில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. சோழநாட்டிலிருந்து வந்தவர் நீங்கள். அந்தச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். ஒரு காலை அதற்கே போதும்.

சந்திரகிரிக்கும் அப்படித்தான், திருப்பதியிலிருந்து ஆரம்பியுங்கள். மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மூன்றடுக்கு ராஜமகால் அங்கே இருக்கிறது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

அந்தப் பக்கம் போகும்போது ஒரு விஷயம். சேஷாசலம் காட்டில் செம்மரம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டிலிருந்து போன 20 தொழிலாளர்கள், மரம் வெட்ட வந்தவர்கள் என்று, ஆந்திரப் போலீசாரால் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ் பேசும் முன்பின் தெரியாத ஆள் காட்டோரத்தில் நின்றால் இன்றும் இரண்டாம் முறை பார்ப்பார்கள். நான் ஒருமுறை சிறுநீர் கழிக்க ஒதுங்கினேன். சீருடையில் வந்த இருவர் பையைக் கவிழ்த்து, வாழைப்பழத்தை ஓரம் வைத்து, காற்றடிக்கும் பம்பைத் திருகித் திறந்து பார்த்தார்கள். அரைமணி நேரம். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், அலுவலக அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

மொழிக்குக் கவலை வேண்டாம். புத்தூர், நகரியில் பாதிப்பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். "அண்ணா" இரண்டு மொழிக்கும் பொது. "எக்கட நுஞ்சி?" என்றால் எங்கிருந்து என்று பொருள், ஊர் பெயரைச் சொல்லிச் சிரித்தால் போதும். ஒரு சொல்லுக்கு மட்டும் பயப்படுங்கள், "தக்கரே". பக்கம்தான் என்று அர்த்தம். மாடு மேய்ப்பவர் சொன்னால் இரண்டு கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், பைக்கில் போகிறவர் சொன்னால் எட்டு.

உண்மையாகவே மலை ஏற வேண்டுமென்றால் மதனப்பள்ளிக்கு அப்பால் ஹார்ஸ்லி மலை இருக்கிறது, 1,200 மீட்டருக்கு மேல். இரண்டு நாள் வேலை அது. மார்கழியில் பேசிக்கொள்வோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாராயணவனம் வரை மட்டும் போய் வருவோம். ஐந்து மணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நிற்பேன். உதிரி டியூப் ஒன்று எடுத்து வாருங்கள். உங்கள் சக்கர அளவுக்கு இந்த ஊர்க் கடைகளில் கிடைக்காது, என்னிடமும் இல்லை.