மீடியேட்டர், ஆர்பிட்ரேட்டர், கன்சிலியேட்டர்: மூவருக்கும் 'மத்தியஸ்தர்' என்ற ஒரே சொல் போதுமா?

போதாது. சண்டையைத் தீர்த்து வைக்கிறவர் எந்தப் பெயரில் இருந்தால் என்ன என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். என் மச்சான் வாங்கிய லாரிக் கடன் அந்த நினைப்பை மாற்றியது.

எங்கள் சொந்தபந்தம் பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் இடையில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) எல்லைக்கு இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. மச்சான் இரண்டு மூன்று தவணை கட்டத் தவறியதும், கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'மத்தியஸ்தர் முன்பு ஆஜராகவும்' என்று தமிழில் இருந்தது. மத்தியஸ்தம் என்றால் பேச்சுவார்த்தைதானே, போகாவிட்டால் இன்னொரு நாள் கூப்பிடுவார்கள் என்று இவர் கொழிஞ்சாம்பாறைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உண்மையில் அங்கே உட்கார்ந்திருந்தவர் ஆர்பிட்ரேட்டர். இவர் வராமலேயே விசாரித்து, பணம் கட்டச் சொல்லி உத்தரவும் போட்டுவிட்டார். 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன், கன்சிலியேஷன் சட்டப்படி அப்படிப்பட்ட உத்தரவை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். எதிர்ப்பதென்றால் பொதுவாக மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், அதுவும் சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மட்டும். "பேசித்தான முடிப்பாங்கன்னு இருந்தேன் மாப்ள" என்றார். அவர் மேல் தப்பில்லை, அந்தச் சொல் அப்படித்தான் கேட்கிறது.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான். நடுவில் உட்காருகிறவர் முடிவு சொல்லலாமா, கூடாதா?

சொல்லலாம் என்றால் அவர் நடுவர். இதைத் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் எவ்வளவு கத்தினாலும் கடைசியில் தீர்ப்பு சொல்வது நடுவர்தான். கிரிக்கெட்டில் விரலைத் தூக்குகிறவரும் நடுவர்தான். 1990ல் அமைத்து 2007ல் இறுதி உத்தரவு தந்த காவிரி அமைப்பையும் நடுவர் மன்றம் என்றே பத்திரிகைகள் எழுதின. ஆகவே ஆர்பிட்ரேட்டருக்கு நடுவர். மச்சானுக்கு வந்த கடிதத்தில் 'நடுவர் முன்பு' என்று இருந்திருந்தால் தேங்காய் ஒரு நாள் காத்திருந்திருக்கும்.

சொல்லக் கூடாது என்றால் சமரசர். மீடியேட்டர் இந்த வகை. இரண்டு பேரையும் பேச வைப்பார், தனித்தனியாகவும் கேட்பார், ஆனால் கையெழுத்துப் போடுவதும் போடாததும் நம் இஷ்டம். 2005ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதற்கும் சமரச தீர்வு மையம் என்றே பெயர். கன்சிலியேட்டரும் இதே இனம்தான். 'இப்படி வைத்துக்கொள்ளலாமே' என்று தானே ஒரு யோசனையை முன்வைக்க அவருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு, அவ்வளவுதான். தொழிற்சங்கக்காரர்கள் தொழிலாளர் துறையில் போய்ப் பார்க்கும் சமரச அலுவலர் அவர்தான். இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேடி நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

மத்தியஸ்தர் என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. நடுவில் நிற்பவர் என்பதுதான் அதன் பொருள், நடுவர் என்பதற்கும் வேர்ப்பொருள் அதேதான். ஆனால் புழக்கத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. ஊர்ப்பேச்சில் மத்தியஸ்தர் இருக்கட்டும், கையெழுத்துப் போடும் காகிதத்தில் வேண்டாம்.

பஞ்சாயத்து இன்னொரு தலைவலி. நமக்கு அது தகராறையும் குறிக்கும், தகராறைத் தீர்ப்பதையும் குறிக்கும். 'பெரிய பஞ்சாயத்தாப் போச்சு' என்று பாலக்காட்டு நண்பரிடம் சொன்னால், பஞ்சாயத்து ஆபீசில் என்ன ஆயிற்று என்று கேட்பார். அவர்களுக்குப் பஞ்சாயத்து என்றால் ரோடு போட்டு வரி வாங்கும் அமைப்புதான். நம் பக்கம் அதற்கு முன்னால் 'கட்ட' சேர்ந்தால் கதையே வேறு. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

எல்லையில் இருப்பதால் ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் தோப்புக்குப் போகும் வண்டித்தடத்தை வைத்து, கேரளப் பக்கம் இருக்கும் அடுத்த தோட்டக்காரரோடு நாலு வருஷம் பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் வேண்டிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து பேசிப் பேசி, தடம் பத்தடி, வேலிச் செலவு ஆளுக்குப் பாதி என்று இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ள வைத்தார். மலையாளத்தில் எழுதிய காகிதத்தை வாசித்துக் காட்டினார்கள். முதல் வரியில் 'ஒத்துதீர்ப்பு' என்று வந்ததும் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தீர்ப்பா? எனக்குத் தீர்ப்பு சொல்ல யாருங்க இங்க ஜட்ஜு?"

மலையாளத்தில் ஒத்துதீர்ப்பு என்றால் இரண்டு பேரும் ஒத்துப்போய் முடித்துக்கொள்வது, நாம் ராஜி என்கிறோமே அது. எங்கள் காதில் 'தீர்ப்பு' மட்டும்தான் விழுந்தது. வாத்தியார் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'கரார்' என்று எழுதினார். மலையாளத்தில் கரார் என்றால் ஒப்பந்தம். பெரியப்பா அதையும் தமிழாகத்தான் கேட்டார்.

"கறாரா இருந்தாச் சரிங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.