முதலுக்கு ஒரு ரூபாய்

கேள்வி: பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஆப்பிரிக்காவின் முதல் கறுப்பின எம்.பி. பிளேஸ் தியாஞ் தியாகியா, துரோகியா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஒரு ரூபாய் எடுங்கள். எங்கள் அலுவலகத்தில் கட்டுரையில் ‘முதல்’ என்று எழுதுகிறவர் காசு போட ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. ‘தமிழின் முதல்’, ‘மாவட்டத்தின் முதல்’ என்று வந்து விழுகிற கட்டுரைகளால் எங்கள் டீச் செலவே ஓடிவிடுகிறது. தன் நாவல் ‘தமிழின் முதல்’ எதுவும் இல்லை என்று நான் எழுதியதற்காக ஒரு நண்பர் எட்டு வருஷமாகக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் பந்தி மாறி உட்காருகிறார்.

தியாஞ் 1872-ல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த செனகலின் கோரே தீவில் பிறந்தவர். அதே தீவில் பிறந்தவர் என்று சொல்லப்படும் பெல்லே என்ற முன்னாள் அடிமை, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே பாரீஸ் சபையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவரை அனுப்பியது கரீபியன் தீவு. ஆகவே ‘ஆப்பிரிக்காவிலிருந்தே தேர்வான’ என்று சேர்த்தால் எட்டணா தள்ளுபடி.

சுங்க அதிகாரியாக ஆப்பிரிக்காவின் டஹோமி முதல் (இந்த முதலுக்குக் காசு கிடையாது) தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா வரை இருபது வருஷம் சுற்றியவர் தியாஞ். தொகுதிக்கே ஆள் புதுசு. இருந்தும் 1914-ல் ஜெயித்தார். ஓட்டு இருந்தது டாக்கர், கோரே, சேன் லூயி, ருஃபிஸ்க் என்ற நான்கு ஊர்க்காரர்களுக்கு மட்டும்.

இப்போது ‘முதல்’ என்பதன் இன்னொரு பொருளுக்கு வருவோம், வியாபாரி சொல்கிற முதல். போர் வந்தது. ‘எங்கள் ஆட்களைப் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றார் தியாஞ். 1916 சட்டத்தில் நான்கு ஊர்க்காரர்களுக்கும் முழுக் குடியுரிமை கிடைத்தது, முஸ்லிம்கள் தங்கள் மதச் சட்டத்தை விடாமலே. நல்ல லாபம். 1918-ல் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோ அவரைப் படைக்கு ஆள்சேர்க்க அனுப்பினார். அதை எதிர்த்த பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க கவர்னர் ஜெனரல் பதவியை விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போய்ச் செத்தார். தியாஞ், பதக்கம் அணிந்த ஆப்பிரிக்க அதிகாரிகளோடு ஊர் ஊராகப் போனார். 40,000 பேர் கேட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் சுமார் 63,000 பேரைச் சேர்த்துவிட்டார். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டில்லாத கிராமத்துப் பையன்கள். முதல் போட்டது அவர்கள், லாபம் நான்கு ஊருக்கு. என் வழக்கு இதுதான். 1930-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் காலனிகளின் கட்டாய உழைப்புக்கு வக்காலத்து வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று அவர் கமிஷன் வாங்கியதாக எழுதிய பாரீஸ் பத்திரிகை அவதூறு வழக்கில் தோற்றது. கொஞ்ச நாளில் கடையையும் மூடியது. ஆகவே கமிஷன் பற்றி நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கும் அச்சகப் பாக்கி இருக்கிறது.

புதுச்சேரிக்காரர் நீங்கள் கேட்டதால் ஒன்று. உங்கள் ஊரில் 1881 ஆணைப்படி முழுப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர வேண்டுமென்றால் சாதி வழக்கத்தைத் துறந்து கையெழுத்துப் போட்டு, புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். தியாஞ் தன் ஆட்களுக்குக் குடியுரிமையை இந்தத் தொல்லை இல்லாமல் வாங்கிக் கொடுத்தார். சரி, 1920-களில் அதே பாரீஸ் சபையில் உங்கள் ஊருக்கு எம்.பி. யார் தெரியுமா? ஆங்கூல்வான். ஐவரி கோஸ்ட் கவர்னராக இருந்தபோது துப்பாக்கிகளைப் பிடுங்கி, ஊர்களுக்கு அபராதம் போட்டு அடக்கிய அதே வெள்ளைக்காரர்.