துள்ளுகிற வண்டு மேல் பழி போட வேண்டாம்

கேள்வி: ஐயா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் செம்மண்ணில் கடலை போட்டிருக்கிறேன். செடி அங்கங்கே வாடுகிறது, பிடுங்கினால் காயில் ஓட்டை. ராத்திரி விளக்கடியில் விழும் கறுப்பு வண்டை மல்லாத்திப் போட்டால் 'டிக்'கென்று துள்ளுகிறது. கம்பிப்புழுவின் தாய் இதுதான், குருணை மருந்து போடு என்கிறார் கடைக்காரர். ஏக்கருக்கு எத்தனை கிலோ?

பதில்: ஒரு கிலோவும் வேண்டாம் தம்பி. காய் பிடித்த பயிரில் குருணை போட்டால் அது பருப்பு வழியாக நம் வயிற்றுக்குத்தான் வரும். அவர் கொடுப்பது ஃபோரேட் என்றால் அதற்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறவரிடம் பூச்சியின் பெயரைக் கேட்டால் மருந்தின் பெயர்தான் வரும்.

அது சொடுக்கு வண்டு. நெஞ்சுக்கடியில் உள்ள முள் ஒரு பள்ளத்தில் படக்கென்று விழுவதால் துள்ளுகிறது. உலகில் இதன் வகை 10,000 அளவில் உண்டு. கம்பி போல விறைத்த இதன் புழுவைத்தான் கம்பிப்புழு என்பார்கள். அதில் உருளைக்கிழங்கைத் துளைக்கும் அக்ரியோட்டிஸ் என்ற வகை ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துத் தொல்லை. சொடுக்கு வண்டிலேயே கார்டியோஃபோரினே என்று ஒரு கூட்டம் உண்டு, அதிகம் பேர் கவனிக்காதது. இறக்கைகள் சேருமிடத்தில் இதய வடிவில் ஒரு சின்னத் தகடு இருக்கும், பெயரே அதனால்தான். அதன் புழு கம்பி மாதிரி விறைக்காது; வெளுத்து, நூல்போல் நீண்டு, மணல் பாங்கான மண்ணுக்குள் மற்ற பூச்சிகளின் புழுவைத் தின்று வாழும். விளக்கடி வண்டு எதுவானாலும் காயைத் துளைத்தது அதுதான் என்பதற்குச் சாட்சி இல்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று. காய்க்குள் மண் அடைத்திருந்தால் கறையானைத் தேடுங்கள். செடி லேசாகப் பிடுங்க வந்து வேர் கடிபட்டிருந்தால் வெள்ளை வேர்ப்புழு, அது வேறொரு வண்டின் புழு. வாடிய செடியடியில் ஒரு முழம் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டி விரலால் துழாவுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன்: குப்பை (தொழு உரம்) எப்போது அடித்தீர்கள்? சரியாக மக்காத சாணியை அப்படியே இறைத்திருந்தால் வேர்ப்புழுவை நீங்களே வண்டியில் ஏற்றி வந்திருக்கிறீர்கள். பாதி மக்கிய சாணிக்குள்ளும் தாய் வண்டு முட்டையிடும், புழு வளரும். மக்கிய சாணியைக் கையில் பிழிந்தால் நாறாமல் மண்வாசம் வர வேண்டும்; வைக்கோல் துணுக்கு கண்ணில் பட்டால் இன்னும் மக்கவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அப்புறம் உழவுக்கு நாள் வந்ததும் மறப்பார்கள். அடுத்த பட்டத்துக்குக் கோடை உழவு போட்டு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு சேருங்கள்.

கிடைக்கும் புழுவைச் சுடுதண்ணீரில் ஒரு முக்கு முக்கி, ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புங்கள். நேராக ஸ்பிரிட்டில் போட்டால் கறுத்துவிடும்.