சினைப்பைக்கும் மஜ்ஜைக்கும் என்ன சம்பந்தம்?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 55. போன மாதம் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் அடர்த்தி ரொம்பவே குறைந்திருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் "கால்சியம் பத்தலை" என்கிறார்கள். அம்மா தினமும் பாலும் கேழ்வரகும் சாப்பிடுபவர். இது மஜ்ஜையில் தொடங்கும் விஷயம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சினைப்பைக்கும் மஜ்ஜைக்கும் என்ன சம்பந்தம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேழ்வரகின் மேல் பழி போடாதீர்கள். செங்கல் வந்துகொண்டுதான் இருந்தது. இடிக்கிற ஆள்தான் கூடிவிட்டது.

எலும்பை அரிக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். அதன் பிறப்பிடம் மஜ்ஜை. மோனோசைட் என்ற வெள்ளையணுவின் பங்காளி. எத்தனை பிறக்கலாம் என்பதை அங்கேயே தாங்குதளமாக இருக்கும் ஸ்ட்ரோமா செல்கள், செல்லுக்குச் செல் சேதி சொல்லும் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரந்து தீர்மானிக்கின்றன. அந்தச் சுரப்பை மட்டுப்படுத்தி வைப்பது சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்.

1992இல் அமெரிக்காவில் ஜில்கா, மனோலகஸ் குழுவினர் பெண் எலிகளின் சினைப்பைகளை எடுத்துப் பார்த்தார்கள். மஜ்ஜையில் ஆஸ்டியோகிளாஸ்ட் உற்பத்தி எகிறியது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எகிறவில்லை. ஈஸ்ட்ரோஜனே கொடுக்காமல், இன்டர்லூகின்-6 என்ற ஒரே ஒரு சைட்டோகைனை முடக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தினாலும் எகிறவில்லை! ஹார்மோன் போனதன் விளைவை ஒரு சைட்டோகைனைத் தடுத்தே நிறுத்திவிட முடிந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். இரண்டு வருடம் கழித்து, இன்டர்லூகின்-6 மரபணுவே இல்லாத எலிகளிலும் வேறொரு குழுவினர் பார்த்தார்கள். சினைப்பையை எடுத்தும் எலும்பு குறையவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் இன்டர்லூகின்-6 தலையில் கட்டிவிட முடியாது. இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் என்று கூட்டாளிகள் உண்டு. 1990களின் கடைசியில் ராங்க்-எல் என்ற புரதம் பிடிபட்டது. ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதற்கான நேரடி உத்தரவு அதனிடமிருந்துதான் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் மஜ்ஜைச் செல்களில் அது கூடுவதை 2003இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உங்கள் அம்மாவுக்கு இது மெல்ல வரவில்லை. மாதவிடாய் இயல்பாக நிற்பது பெரும்பாலும் ஐம்பதை ஒட்டி. அவருக்குப் பத்து வருடம் முன்னாலேயே, ஒரே நாளில் ஈஸ்ட்ரோஜன் நின்றுவிட்டது. அந்த வயதில் சினைப்பை போனால், தடை ஏதும் இல்லாதபட்சத்தில் இயல்பான வயது வரைக்குமாவது ஹார்மோன் மாத்திரை தரலாமா என்று பேசியிருக்க வேண்டும். 2002இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகச் சொன்னதும் உலகமே அதைக் கண்டு பயந்தது. அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது பலர் காதில் விழவில்லை. அதில் சேர்ந்தவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள் என்பதும்தான்.

55இல் கணக்கு வேறு. மருத்துவரிடம் போகும்போது ஸ்கேனோடு அறுவை சிகிச்சை நடந்த வயதையும் மறக்காமல் சொல்லுங்கள். கால்சியமும் வைட்டமின் டியும் தொடரட்டும். அவை மட்டும் போதாது. டெனோசுமாப் எழுதினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். நடுவில் விட்டால் அடங்கியிருந்த எலும்பு அரிப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. நிறுத்துவதாக இருந்தால் அதற்குப் பதில் என்ன மருந்து என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.