வான் வாகனத்தின் கதவுக்குக் கீழே தகடு கறளாகிவிட்டது. புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டினால் நெளியாமல் நிற்குமா?

நிற்கும். ஒட்டுவதற்கு எடுக்கும் நேரத்தைவிடப் பொருத்துவதற்குக் கூடுதல் நேரம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கிளிநொச்சிப் பக்கம் டிங்கர் வேலை செய்கிறேன். இங்கே ஓடுகிற வான்களுக்கு இது வழமையான வருத்தம். மாரியில் சில்லு அடிக்கும் சேறு உள்மடிப்புகளில் போய் அப்பிக்கொள்ளும். கோடையில் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றுகிற வாகனம் என்றால் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தரைத் தகட்டையே தின்றுவிடும்.

வெளியே சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே பழுது அதைவிடப் பெரிது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டே போங்கள். தகடு கெட்டியாக நிற்கும் இடம் வரைக்கும் வெட்டத்தான் வேண்டும். கறள் தகட்டின் விளிம்பில் ஒட்டுப் பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். ஒன்று கவனம்: தனிச் சசி (அடிச்சட்டம்) இல்லாத வானில், கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகடும் உடம்பைத் தாங்குகிறது. அதை வெட்டுமுன் வாகனத்தை மட்டமாக நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்பை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசல் சுருங்கி, பிறகு கதவு பூட்டாது.

வெளித்தகடு பொதுவாக 0.7 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை இருக்கும், பெட்டித் தகடு கொஞ்சம் தடிப்பு. அதே தடிப்பில் பூச்சில்லாத கறுப்புத் தகடு வாங்குங்கள். வீட்டில் மிஞ்சிய கூரைத் தகட்டை வெட்டி ஒட்ட வேண்டாம். அதன் பூச்சு எரிந்து வரும் புகை நெஞ்சுக்குக் கூடாது, ஒட்டிய இடமும் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். மட்டையில் அச்சு வெட்டி, அதைத் தகட்டில் கீறி, மடித்து, இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விழாதபடி அராவுங்கள். பிறகு குறட்டாலும் ஸ்க்ரூ ஆணியாலும் பிடித்துவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றி இடைவெளி ஒரே அளவில் ஓட வேண்டும். அது சரி வரும்வரை வெல்டிங்கைத் தொடக்கூடாது.

பெற்றரியைக் கழற்றுங்கள். எண்ணெய்க் குழாய், ஸ்பொஞ்ச், விரிப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வாளியில் தண்ணீரோடு ஒருவர் நிற்கட்டும். கம்பி தானாக வரும் மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீற்றர் கம்பி போட்டு, முதலில் கழிவுத் தகட்டில் சூட்டைச் சரிபாருங்கள். இனி பொட்டுப் பொட்டாக மட்டும்: இரண்டு முனையிலும் ஒன்று, நடுவில் ஒன்று, அப்புறம் அவற்றுக்கு இடையில். வைத்த இடத்தில் புறங்கை வைக்க முடிந்தால்தான் பக்கத்தில் அடுத்தது. அவசரப்பட்டு ஒரே இழுவையாக இழுத்தால் சூடான இடம் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுத்துவிடும், நெளிவு அங்கேதான் வருகிறது. பின்னால் கை போகும் இடங்களில் இரும்புக்கட்டி வைத்து ஒவ்வொரு பொட்டையும் மெல்லத் தட்டிக்கொடுங்கள், சுருங்கியது விரிந்து கொடுக்கும். கிரைண்டரும் சூடாக்கும், அதையும் விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

காஸ் வெல்டிங்கைப் பழசு என்று தள்ளாதீர்கள். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், எனக்கு வேலை பழக்கியவர் பரல் தகட்டை வெட்டிக் காஸில்தான் ஒட்டினார். காஸ் ஒட்டு மெதுமையானது, சுத்தியலுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். சூடு பரவுவதால் கைப்பழக்கம் வேண்டும், அதனால்தான் புதியவர்களுக்கு மிக் சொல்கிறேன்.

பலர் புட்டி பூசியதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனம் பொறுக்காத விஷயம். ஒட்டிய சூட்டில் உள்பக்கப் பெயின்ற் எரிந்து தகடு வெறுமையாக நிற்கும். பெட்டிக்குள் குழாய் விட்டு மெழுகு மருந்தோ தடித்த எண்ணெயோ அடிக்காவிட்டால் புதுத் தகடும் உள்ளிருந்து கறளாகும். அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள்.

கராஜில் கொடுத்துச் செய்வதென்றால், புட்டி பூசுமுன் வந்து பார்ப்பேன் என்று முதலே சொல்லிவையுங்கள். வெறும் தகடாக இருக்கும்போது ஒட்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். கதவையும் நீங்களே மூடித் திறந்து பாருங்கள்.