கழுத்துக்குள் கோலி: பழைய சோடா பாட்டில் சேர்ப்பவரிடம் கேட்டவை

பழைய சோடா பாட்டில், மருந்துக் குப்பி எல்லாம் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் மதுரைப் பக்கத்து நண்பர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். படத்தை மட்டும் அனுப்பி "என்ன விலை போகும்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். கையில் எடுத்துப் பார்க்காமல் விலை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

திருமங்கலம்: அண்ணே, காயலான் கடைக்காரர் ஒரு கோலி சோடா பாட்டிலைக் காட்டி 200 வருஷப் பழசு என்கிறார். வாங்கலாமா?

பாட்டில் பிடித்திருந்தால் வாங்குங்கள், 200 வருஷத்துக்காக வாங்காதீர்கள். கோலி அடைப்பு பாட்டிலுக்கு லண்டனைச் சேர்ந்த ஹிரம் காட் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கியதே 1870களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் இந்த வகை உலகத்திலேயே கிடையாது. இன்னொன்று, இந்த பாட்டில் நம் நாட்டில் செத்துப்போன பொருளும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ் பக்கம் சாஸ்னியில் சமீப காலம் வரை ஊதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அப்பா குடித்த சோடாவின் பாட்டிலாகக்கூட அது இருக்கலாம்.

பாட்டில் மேலே ஒரு வருஷம் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். அது பெரும்பாலும் காப்புரிமை வருஷம், இல்லையென்றால் கம்பெனி தொடங்கிய வருஷம். பாட்டில் வார்த்த வருஷமாக இருப்பது அபூர்வம்.

மேலூர்: பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு வாய்வரை போனால் மெஷின் பாட்டில், கழுத்தோடு நின்றால் கையால் செய்தது என்று படித்தேன். சரியா?

தக்கை போடும் பாட்டில், மருந்துக் குப்பி, மை பாட்டிலுக்கெல்லாம் ஓரளவு சரி. அந்தக் காலத்தில் உடலை அச்சுக்குள் ஊதிவிட்டு, வாயைத் தனியாகக் கையால் முடிப்பார்கள். அதனால் கோடு வாய்க்குக் கீழேயே மறைந்துவிடும். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்தது 1903 வாக்கில். அந்த முறை பரவிய பிறகு கோடு உதட்டைத் தாண்டி மேலே ஏறும்.

ஆனால் கோலி பாட்டிலில் இந்தச் சோதனை உங்களைக் கவிழ்த்துவிடும். யோசித்துப் பாருங்கள், கோலியை உள்ளே போட்ட பிறகுதானே வாயைக் குறுக்க முடியும்? வாய்க்குள் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தையும் அப்போதுதான் போட வேண்டும். எனவே எந்தக் காலத்து கோலி பாட்டிலாக இருந்தாலும் வாய் தனி வேலைதான். இதைத் தெரியாமல் 1960களின் பாட்டிலை விக்டோரியா மகாராணி காலம் என்று கொண்டாடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கோலி பாட்டிலில் நான் முதலில் தேடுவது அடிப்பக்கம் இருக்கும் கண்ணாடி ஆலையின் பெயரை. டான் ரைலண்ட்ஸ், பார்ன்ஸ்லி என்றிருந்தால் இங்கிலாந்தில் அந்த ஹிரம் காட் என்பவருக்கே கூட்டாளியாக இருந்தவரின் ஆலை. அது நிச்சயம் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதிச் சமாச்சாரம்.

விருதுநகர்: பாட்டில் மேல் ஏன் இவ்வளவு பெரிதாகக் கம்பெனி பெயரைப் புடைப்பாகப் போட்டார்கள்? விளம்பரமா?

நல்ல கேள்வி. விளம்பரம் கொஞ்சம்தான். "இது என் சொத்து, திருப்பிக் கொடு" என்பதுதான் அதன் முக்கிய அர்த்தம்.

சோடா வியாபாரத்தில் உள்ளே இருப்பது தண்ணீரும் காற்றும். விலை உயர்ந்தது கண்ணாடி. தண்ணீரைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் போனால் வண்டிக் கூலிக்கே கட்டாது. அதனால்தான் சோடா கம்பெனி என்பது இங்கிலாந்தானாலும் நம் ஊரானாலும் உள்ளூர்க் குடும்பத் தொழிலாக இருந்தது. அப்பா கணக்கு, மகன் மெஷின், மருமகன் வண்டி என்று ஓடும். காலி பாட்டில் திரும்பி வந்தால்தான் நாளைக்குத் தொழில். பக்கத்துக் கம்பெனிக்காரன் நம் பாட்டிலில் அவன் சரக்கை அடைத்து விற்றால் என்ன செய்வது? லேபிளைக் கிழித்துவிடலாம், புடைப்பு எழுத்தை அழிக்க முடியாது. இங்கிலாந்தில் இந்தத் தகராறு முற்றிப்போய், மாறிப்போன பாட்டில்களைப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பதற்கென்றே முதலாளிகள் சேர்ந்து நிலையங்கள் வைத்தார்கள்.

எனவே, சேர்ப்பவருக்கு வயதைவிடப் பெயர் முக்கியம் என்பது என் கட்சி. பெயரில்லாத 1890ஆம் வருஷத்து பாட்டிலையும், ஏதோ ஒரு சின்ன ஊர்க் கம்பெனியின் பெயர் போட்ட 1930ஆம் வருஷத்து பாட்டிலையும் முன்னால் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஊர்ப் பெயரும் சேர்ந்திருந்தால் பேரம்கூடப் பேச மாட்டேன். பெயரை வைத்துப் பொய்யையும் பிடிக்கலாம். உங்கள் விருதுநகரில் காளிமார்க் தொடங்கியது 1916இல். அந்தப் பெயரோடு ஒரு பாட்டிலை நீட்டி "1800களில் செய்தது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

உசிலம்பட்டி: எங்கள் தாத்தா சோடா கம்பெனி வைத்திருந்தார். பரணில் மூன்று மரப்பெட்டி நிறைய பாட்டில் இருக்கிறது, பின்கட்டில் பழைய மெஷினும் கிடக்கிறது. வீட்டை இடிக்கப் போகிறோம். என்ன செய்யலாம்?

முதலில் எதையும் கழுவாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். பெட்டி பெட்டியாக இருந்தபடியே படம் எடுங்கள். மரப்பெட்டியில் பெயர் எழுதியிருக்கும், அதைத் தனியாக எடுங்கள். பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியை அடுப்புக்குப் போடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற அநியாயம். கணக்கு நோட்டு, லேபிள், எசன்ஸ் டப்பா, கட்டைவிரலுக்குப் பதில் கோலியை அமுக்கித் திறக்கும் சின்ன மரக்கட்டை, எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேருங்கள்.

அடுத்தது மெஷின். பாட்டிலை மாட்டிக் கைப்பிடியால் சுழற்றும் வகையாக இருக்கும். பாட்டில் தலைகீழாகப் போகும்போது கோலி வாய்ப்பக்கம் விழும், உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் அதை ரப்பரோடு இறுக்கிவிடும். மூடி, தக்கை, கம்பி எதுவும் வேண்டாம். வீட்டில் அதை ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர்களுக்கு வண்டி போனது, ஒரு பாட்டிலுக்கு என்ன டெபாசிட், திருவிழா நாளில் எவ்வளவு ஓடும், பன்னீர் சோடாவுக்குப் பன்னீர் எங்கே வாங்கினார்கள், எல்லாம் கேளுங்கள். பாட்டிலை என்னைப் போன்ற யாராவது பத்திரமாக வைத்துக்கொள்வார்கள், இந்தத் தகவல் அவரோடு போய்விடும்.

ஈயத் தகடு அடித்த பழைய தொட்டி ஏதாவது இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். சிலிண்டர் வருவதற்கு முன்பு அதுபோன்ற தொட்டியில்தான் சுண்ணாம்புக்கட்டிப் பொடியில் கந்தக அமிலம் ஊற்றி வாயுவை உண்டாக்கினார்கள்.

விற்பதானால் ஒவ்வொரு வகையிலும் இரண்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். கம்பெனி பெயர் போட்டதை மொத்தமாக ஒரே ஆளிடம் தள்ளிவிடாதீர்கள்.

கொடைக்கானல்: முட்டை மாதிரி அடி உருண்ட பாட்டில் கிடைத்தது. நிற்கவே மாட்டேன் என்கிறது. உடைந்து ஒட்டியதா?

உடையவில்லை, பிறவியே அப்படி. ஹாமில்டன் பாட்டில் என்பார்கள், கோலிக்கு முந்தைய தலைமுறை. நிற்க முடியாததால் படுக்கையில்தான் வைக்க வேண்டும். அப்போது தக்கை நனைந்தே இருக்கும், சுருங்காது, வாயு போகாது. கொடைக்கானலில் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. 1845இலேயே மதுரையிலிருந்து அமெரிக்க மிஷன்காரர்கள் அங்கே வீடு கட்டிவிட்டார்களே. உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

காரைக்குடி: முனீஸ்வரன் கோயில் தெருக் கடை ஒன்றில் ஊதா நிற பாட்டில் பார்த்தேன். அபூர்வமா?

மெல்லிய ஊதா என்றால் நல்லது. கண்ணாடியின் பச்சை நிறத்தைப் போக்க அந்தக் காலத்தில் மாங்கனீஸ் சேர்த்தார்கள். பல வருஷம் வெயில் பட்டால் அது லேசாக ஊதாவாகும். நாவல்பழச் சாறு போல அடர்ந்திருந்தால் கதிர்வீச்சு காட்டிச் செயற்கையாக ஏற்றிய நிறமாக இருக்கலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

மதுரை, செல்லூர்: உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எப்படி எடுப்பது?

நம் ஊர் உப்புத் தண்ணீர்க் கறை என்றால் வினிகரோ புளிக்கரைசலோ ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். பிறகு ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். மணலும் கம்பி பிரஷும் கூடவே கூடாது, கீறல் விழும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

இதற்கும் போகவில்லை, வானவில் மாதிரி மினுங்குகிறது என்றால் அது அழுக்கு அல்ல. மண்ணுக்குள் கிடந்து கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. எனக்கு அந்த மினுமினுப்பு பிடிக்கும், அப்படியே விட்டுவிடுவேன்.

மானாமதுரை: வைகைக் கரையில் தோண்டிப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. பாதுகாக்கப்பட்ட இடத்தின் பக்கம் போகவே கூடாது. கீழடி உங்களுக்குத் தெரியாததில்லை. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளுக்கு 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் உண்டு, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். 100 வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். காயலான் கடையில் காசு கொடுத்து ரசீது வாங்குங்கள், நிம்மதி.

திருப்பரங்குன்றம்: தங்கை கல்யாணத்துக்கு என்னிடம் உள்ள பழைய பாட்டில்களில் சோடா அடைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று போதும், அழுத்தத்தில் வெடிக்கும். வாசலில் அலங்காரமாக வரிசைப்படுத்துங்கள். குடிப்பதற்கு இப்போது ஓடும் சோடா கம்பெனியிலிருந்து பெட்டி சொல்லிவிடுங்கள். போகும்போது உங்கள் பழைய பாட்டிலையும் எடுத்துப் போய் ரப்பர் வாஷர் கேட்டுப் பாருங்கள், சில சமயம் அளவு பொருந்திவிடும்.