ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம் வருதா?

கேள்வி: டாக்டர், எங்க ராஜபாளையம் நாய் வெள்ளையனுக்கு 11 வயசு. மூணு மாசமா தும்மல், வலது மூக்குல சளி, இப்ப ரத்தமும் கலந்து வருது. ஆன்டிபயாடிக் கொடுத்தா ஒரு வாரம் நல்லா இருக்கான், மாத்திரை முடிஞ்சதும் பழையபடி. ஜலதோஷம்னு விட்டுடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: விட்டுடாதீங்கம்மா. நீங்க எழுதினதுல ரத்தத்தை விட 'வலது'ங்கற வார்த்தைதான் எனக்கு உறுத்துது. வயசான நாய், அதுவும் நீள மூஞ்சி, ஒரே பக்கமா மாசக்கணக்கா ஒழுகுதுன்னா உள்ள கட்டி இருக்கான்னு பாத்தே ஆகணும். மாத்திரைக்குக் கேக்குதேன்னு நினைக்காதீங்க, கட்டி மேல சேர்ற கிருமி சாகறதால சளி கொஞ்ச நாள் குறையும், கட்டி அது பாட்டுக்கு வளரும், இதுல ஏமாந்து மாசக்கணக்குல போக்கினவங்கள நிறைய பாத்துட்டேன்.

அதுக்காக கட்டிதான்னு இப்பவே பயந்துடவும் வேணாம். நம்ம ஊர்ல மூக்குல ரத்தம்னா முதல்ல உண்ணிக் காய்ச்சலப் பாக்கணும், அதுல ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட் இறங்கிடும். அதனால ரத்த டெஸ்ட், பிளேட்லெட், பிபி எல்லாம் முதல்ல. மேல் பல் வேர்ல சீழ் பிடிச்சாலும் மூக்கு வழியா வரும். பூஞ்சை, உள்ள மாட்டின புல், மலைப்பக்கம் ஓடைத் தண்ணி குடிக்கிற நாய்னா அட்டைகூட இருக்கலாம்.

வீட்டுல ஒண்ணு பண்ணுங்க. சின்ன கண்ணாடிய மூக்குக்கிட்ட பிடிங்க, ரெண்டு பக்கமும் ஆவி படியணும். வலது பக்கம் படியலைன்னா அங்க அடைப்பு. அந்தப் பக்கத்துக் கண்ணுல தண்ணி வடியுதா, மூக்குத்தண்டு வீங்கியிருக்கான்னும் தடவிப் பாருங்க.

ரத்த டெஸ்ட் சரியா இருந்தா அடுத்து சிடி ஸ்கேன். எக்ஸ்ரேல ஆரம்பக் கட்டி தப்பிடும், சிடில எலும்பு அரிச்சிருக்கா, மூளைப் பக்கம் போயிருக்கான்னு தெரியும். மயக்க மருந்து கொடுத்துதான் எடுக்கணும், அதே மயக்கத்துலயே பயாப்ஸியும், அதாவது துளி சதை டெஸ்டுக்கு, எடுத்துடச் சொல்லுங்க, ஆனா ஸ்கேன் முதல்ல, சதை எடுத்தா உள்ள ரத்தம் கட்டிக்கும், அப்புறம் படம் குழம்பிடும். வெறும் சளிய டெஸ்டுக்கு அனுப்பி பிரயோஜனம் இல்ல. பயாப்ஸி கருவி எவ்ளோ தூரம் போகலாம்னு மூக்கு நுனியில இருந்து கண்ணோட உள் மூலை வரைக்கும் அளந்து வெச்சுக்குவாங்க, அதைத் தாண்டினா மூளைதான். ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சும் பயாப்ஸில 'வெறும் புண்'ணுன்னு வந்தா இன்னொரு தடவை எடுக்கணும், மேலாப்புல கிள்ளினா அப்படி ஆகும். தாடைக்குக் கீழ நெறிகட்டி இருந்தா அதுலயும் ஊசியால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பாக்கணும், பரவியிருக்கான்னு நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரேயும்.

கட்டின்னு வந்தா பெரும்பாலும் கார்சினோமாங்கற புற்றுநோய் வகை. அதுக்கு மெயின் சிகிச்சை ரேடியேஷன்ங்கற கதிர்வீச்சு, நம்ம பக்கம் நாய்க்கு அது கிடைக்கறது கஷ்டம்ங்கறதையும் சொல்லிடறேன்.

ராத்திரி ரத்தம் கொட்டினா பதறாம அமைதியா உக்கார வெச்சு, துணியில சுத்தின ஐஸை மூக்கு மேல வைங்க. வீட்டுல இருக்கற ஆஸ்பிரின், ப்ரூஃபென் மாதிரி வலி மாத்திரை எதையும் கொடுத்துடாதீங்க, ரத்தம் இன்னும் அதிகமாகும்.